கேளுங்க சொல்றேன்: பாத்து எழுதியே பெரியாளான மொரின்யோ

போன இதழ்ல ஒருத்தர், ஃபுட்பால்லயே கெத்தான கோச் யாருன்னு கேட்டிருந்தாரு. 'ஜோசே மொரின்யோ, காலால ஆடாம கண்ணால பாத்தே மேல வந்த ஆளு'ன்னு ஒரே வரில பதில் போட்டுட்டு நான் பாட்டுக்கு அடுத்த கேள்விக்குப் போயிட்டேன். அதுக்கு வந்த லெட்டரையும் மெயிலையும் பாத்தா, பாதிப் பேரு 'கோல் போஸ்ட் முன்னாடி பஸ்ஸை நிறுத்துற (அதாவது மொத்த டீமையும் தடுக்க மட்டுமே நிறுத்துற) ஆளைப் போய் கெத்துன்னு சொல்றீங்களே'ன்னு திட்டியிருக்கீங்க, மீதிப் பேரு 'அவரை ஒரு வரில முடிப்பீங்களா'ன்னு திட்டியிருக்கீங்க. ரெண்டு பக்கமும் வாங்கியாச்சு, அதனால இந்தத் தடவை முழுக்க அவரே.

கே: முதல்ல பேரை எப்படி சார் சொல்றது? மொரின்ஹோ, மௌரினோ, மொரினியோன்னு பேப்பருக்குப் பேப்பர் மாறுதே. (நாகர்கோவில் வாசகி)

ப: போர்ச்சுகீஸ்ல அந்த இடத்துல வர்றது நம்ம 'ஞ' சத்தம்மா. இங்கிலீஷ்ல அதுக்குத் தனி எழுத்து இல்லாததால அவங்க தடுமாறுறாங்க, அதைப் பாத்து நாமளும் தடுமாறுறோம், நம்மகிட்ட ஞாயித்துக்கிழமைக்கும் ஞாபகத்துக்கும் தினமும் யூஸ் ஆகுற எழுத்து ரெடியா இருக்கும்போதே! கடைசில வர்ற 'ஓ'வும் அவங்க ஊர்ல 'உ' மாதிரி தேஞ்சுடும். கிட்டத்தட்ட 'மொரீஞு'. இப்படியே அச்சடிச்சா யாரு இதுன்னு நீங்களே கேப்பீங்க, அதனால நான் மொரின்யோன்னே எழுதுறேன். ஜோசேல இருக்குற 'ஜ'வுக்கு மட்டும் சரியான எழுத்து நம்மகிட்டயும் இல்ல, அதை விட்டுருவோம்.

கே: நான் ஒரு ஸ்கூல்ல பி.டி. மாஸ்டர். பெரிய லெவல்ல ஆடாத ஒருத்தரு எப்படி ஐயா இவ்வளவு பெரிய கோச் ஆனாரு? (திருநெல்வேலி)

ப: உங்களுக்கு இந்தக் கதை பிடிக்கும் சார், ஏன்னா அவரும் பி.டி. மாஸ்டர்தான். 1963 ஜனவரி 26, லிஸ்பனுக்குத் தெக்க செட்டுபால்னு ஒரு துறைமுக ஊர்ல பொறந்தாரு. அம்மா ஸ்கூல் டீச்சர். அப்பா கோல்கீப்பர், போர்ச்சுகலுக்கே ஒரு மேட்ச் ஆடினவரு, அப்புறம் கோச் ஆனாரு. கோச் வேலைனா என்னன்னு பையனுக்கு வீட்டுலயே தெரிஞ்சுபோச்சு. ஒன்பதோ பத்தோ வயசா இருக்கும்போது கிறிஸ்துமஸ் அன்னிக்கே அப்பாவை வேலைய விட்டுத் தூக்கிட்டாங்கன்னு அவரே சொல்லியிருக்காரு. அந்த வயசுல அதைப் பாத்த பையன் வேற ஏதாவது வேலைக்குப் போயிருக்கணும், இவரு அதே வேலைக்குத்தான் வந்தாரு.

அப்பாவுக்காக அடுத்து மோதப்போற டீமோட மேட்சுக்குப் போய் உக்காந்து, யாரு எங்க நிக்கிறான், ஃப்ரீ கிக் யாரு அடிக்கிறான், எந்த டிஃபெண்டர் திரும்ப லேட் பண்றான்னு குறிச்சுட்டு வந்து குடுப்பாரு. சின்னப் பையனா இருந்தப்பவே இதான் வேலை. தானும் கொஞ்ச நாள் ஆடிப் பாத்துட்டு, இது நமக்கு வராதுன்னு சீக்கிரமே புரிஞ்சுக்கிட்டாரு (இது எத்தனை பேருக்கு வரும்?). பிசினஸ் காலேஜ்ல சேத்துவிட்டா முதல் நாளே வெளிய வந்துட்டாரு. அப்புறம் லிஸ்பன்ல உடற்கல்வி டிகிரி, ஸ்காட்லாண்டு போய் கோச்சிங் கோர்ஸ், நடுவுல ஸ்கூல்கள்ல வாத்தியார் வேலை. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைங்களுக்கும் சொல்லிக்குடுத்திருக்காரு.

கே: அவரை 'டிரான்ஸ்லேட்டர்'னு கிண்டல் பண்ணுவாங்களாமே, உண்மையா? (சேலம்)

ப: உண்மை. அவரோட மொத்தக் கதையும் அந்தக் கிண்டலுக்குள்ள இருக்குன்னு கூட சொல்லுவேன். 1992-ல இங்கிலாந்துக்காரரான கோச் பாபி ராப்சன் லிஸ்பன்ல ஸ்போர்ட்டிங் டீமுக்கு வந்தாரு, அவருக்கு போர்ச்சுகீஸ் வராது, இங்கிலீஷ் தெரிஞ்ச ஒரு லோக்கல் ஆள் வேணும், அப்படித்தான் மொரின்யோ உள்ள வந்தாரு. அடுத்த வருஷம் டிசம்பர்ல லீக்ல மேல இருக்கும்போதே ராப்சனைத் தூக்கிட்டாங்க. அவர் போர்ட்டோவுக்குப் போனாரு, இவரும் கூடவே போனாரு. அங்க ரெண்டு லீக் டைட்டில் அடிச்சு, 1996-ல ராப்சனுக்கு பார்சிலோனா கெடச்சப்ப அங்கயும் கூடவே. பார்சிலோனா பத்திரிகைக்காரங்களுக்கு இவரு வெறும் 'மொழிபெயர்க்கிற பையன்'.

யோசிச்சுப் பாருங்க, ஒரு கோச் பிளேயர்கிட்ட சொல்ற ஒவ்வொரு வார்த்தையும் இவரு வாய் வழியா போகுது. யாரைத் திட்டணும், யாரைத் தட்டிக்குடுக்கணும், எந்த வார்த்தைக்கு எவன் மூஞ்சி சுருங்குதுன்னு வருஷக்கணக்கா பக்கத்துல நின்னு பாக்குறாரு. எந்தக் காலேஜ்லயும் கெடைக்காத படிப்பு அது. அதோட பழைய வேலையும் விடல, எதிர் டீம் மேட்சைப் பாத்து படம் போட்டு கலர் கலரா ரிப்போர்ட் எழுதிக் குடுப்பாரு, தன் கைக்கு வந்ததுல அதெல்லாம் முதல் தரம்னு ராப்சனே பின்னாடி புகழ்ந்திருக்காரு. ராப்சனுக்கு அப்புறம் வந்த டச்சுக்காரர் லூயி வான் ஹால் இவரை வீட்டுக்கு அனுப்பல, அசிஸ்டெண்டா வச்சுக்கிட்டாரு, சின்னச் சின்ன மேட்சுல டீமையே இவர் கைல விட்டுட்டாரு. அந்த டீம்ல நடுவுல நின்னு ஆடினவரு யாரு தெரியுமா? பெப் குவார்டியோலா. பின்னாடி ஒருத்தர ஒருத்தர் முறைச்சுக்கிட்ட ரெண்டு பேரும் அப்ப ஒரே பஸ்லதான் போனாங்க.

கே: முதன்முதலா தனியா கோச் ஆனது போர்ட்டோலதானே? (ஈரோடு)

ப: இல்ல. 2000 செப்டம்பர்ல பென்ஃபிகா, லிஸ்பனோட இன்னொரு டீம். ஸ்போர்ட்டிங்கை 3-0ன்னு அடிச்ச கையோட எனக்குக் கான்ட்ராக்டை நீட்டிக் குடுங்கன்னு கேட்டாரு. கிளப்ல அப்பதான் தேர்தல் முடிஞ்சு வேற தலைவர் வந்திருந்தாரு, அவரு மனசுல வேற கோச், முடியாதுன்னுட்டாரு, இவரும் கெளம்பிட்டாரு. மொத்தமே ரெண்டரை மாசம். பென்ஃபிகாவை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசில வரும்.

கே: போர்ட்டோ மாதிரி காசில்லாத டீம் சாம்பியன்ஸ் லீக் எப்படி அடிச்சுது அண்ணே? குருட்டு அதிர்ஷ்டம்னு என் ஃப்ரெண்டு சொல்றான். (கோவை காலேஜ் மாணவர்)

ப: உங்க ஃப்ரெண்டுக்கு இதைப் படிச்சுக் காட்டுங்க தம்பி. பென்ஃபிகாவுக்கு அப்புறம் லெய்ரியான்னு ஒரு சின்ன டீமை எடுத்து மேல கொண்டு வந்தாரு, அதைப் பாத்துட்டு 2002 ஜனவரில போர்ட்டோ கூப்பிட்டுது. வந்த அன்னிக்கே 'அடுத்த வருஷம் நாமதான் சாம்பியன்'ன்னு சொன்னாரு. ஆளு எடுத்ததைப் பாருங்க: லெய்ரியால தன்கிட்ட ஆடின டெர்லெய், நூனோ வலெண்ட், சொந்த ஊரு செட்டுபால் டீம்லேருந்து பாலோ ஃபெரெய்ரா, பென்ஃபிகா ஓரங்கட்டின மனீஷ். எல்லாம் பக்கத்துல இருந்து பாத்த ஆளுங்க, எல்லாரும் இன்னும் எதையும் ஜெயிக்காத ஆளுங்க. இந்த ரெண்டாவது விஷயத்தைக் குறிச்சு வச்சுக்கோங்க.

டிரெய்னிங்கும் வேற மாதிரி. போர்ட்டோ யுனிவர்சிட்டில விட்டோர் ஃப்ராடேன்னு ஒரு பேராசிரியர், அவரோட சிந்தனைதான் அடிப்படை. ஸ்டாமினாவுக்குத் தனியா கிரவுண்டைச் சுத்தி ஓடுறது, டேக்டிக்ஸுக்குத் தனியா போர்டு முன்னாடி உக்காருறதுன்னு பிரிக்கவே மாட்டாங்க. மேட்ச்ல என்ன வருமோ அதையே பந்தோட திரும்பத் திரும்பப் பழகணும், உடம்பும் மூளையும் ஒண்ணா டயர்டு ஆகணும். பியானோ வாசிக்கிறவர் பியானோவைச் சுத்தி ஓடியா பழகுறாருன்னு மொரின்யோ கேப்பாரு.

2003-ல லீக், போர்ச்சுகல் கப், அதோட செவில்ல செல்டிக்கை எக்ஸ்ட்ரா டைம்ல 3-2ன்னு அடிச்சு யுஇஎஃப்ஏ (ஐரோப்பிய ஃபுட்பால் சங்கம்) கப். அடுத்த வருஷம் சாம்பியன்ஸ் லீக், ஐரோப்பிய கிளப்புகளோட பெரிய கோப்பை. மான்செஸ்டர் யுனைடெட்டோட ஊர்ல 1-0 பின்தங்கி, அப்படியே முடிஞ்சா வெளிய, 90-வது நிமிஷம் ஃப்ரீ கிக், கோல்கீப்பர் தட்டிவிட்டது கோஸ்டின்யா காலுக்கு வந்து கோல், கறுப்பு கோட்டு பறக்க இவரு கோட்டோரமா ஓடின ஓட்டம் இன்னிக்கும் கண்ணுல நிக்குது. ஆனா உங்க ஃப்ரெண்டு அதிர்ஷ்டம்னு சொன்னதுல ஒரு கால்வாசி ஒத்துக்கலாம், அதே மேட்ச்ல ஸ்கோல்ஸ் அடிச்ச ரெண்டாவது கோலை ஆஃப்சைடுன்னு தப்பா ரத்து பண்ணினாங்க. ஃபைனல் 2004 மே 26, ஜெர்மனில கெல்சன்கிர்ஷன், மொனாக்கோவை 3-0. அந்த 3-0ல எந்த அதிர்ஷ்டமும் கெடையாது.

கே: 'தி ஸ்பெஷல் ஒன்'னு தன்னைத்தானே சொல்லிக்கிட்டது திமிர்தானே? (தஞ்சாவூர்)

ப: திமிர்தான், ஆனா நீங்க சொல்ற அளவுக்கு இல்ல. 2004-ல லண்டன் டீம் செல்சிக்குக் கோச்சா வந்த அன்னிக்கு பிரஸ் மீட்ல, 'திமிர் பிடிச்சவன்னு சொல்லாதீங்க, நான் ஐரோப்பிய சாம்பியன், நான் ஒரு ஸ்பெஷல் ஆளுன்னு நினைக்கிறேன்'ன்னாரு. 'ஒரு' ஸ்பெஷல் ஆளு! மறுநாள் பேப்பர்காரங்க அந்த 'ஒரு'வை எடுத்துட்டு 'அந்த ஒரே ஒரு ஸ்பெஷல் ஆளு'ன்னு ஆக்கிட்டாங்க. அவரும் மறுக்கல, நல்ல பேருதானேன்னு போட்டுக்கிட்டாரு.

பேசினதுக்கு ஏத்த மாதிரி செஞ்சும் காட்டினாரு. முதல் சீசன்லயே 95 பாயிண்ட், 38 மேட்ச்ல டீம் வாங்கின கோல் வெறும் 15. அந்த 15ங்கிற கணக்கை பிரீமியர் லீக்ல இன்னும் யாரும் உடைக்கல. செல்சிக்கு 50 வருஷத்துக்கு அப்புறம் லீக் டைட்டில், அடுத்த வருஷமும் அதே. செல்சி ஓனர் அப்ராமோவிச் காசு இருந்துச்சுன்னு சொல்லுவாங்க, இருந்துச்சுதான், காசு இருந்த எத்தனை பேரு 15 கோலோட முடிச்சாங்க?

கே: 'பஸ் பார்க் பண்றது' அவர் கண்டுபிடிச்ச டேக்டிக்ஸா? (சென்னை, போரூர்)

ப: இதுல ஒரு காமெடி இருக்கு. அந்த வார்த்தைய இங்கிலாந்துல பிரபலமாக்கினதே அவருதான், ஆனா எதிராளியைத் திட்ட! 2004 செப்டம்பர்ல டாட்டன்ஹாம் வந்து 0-0ன்னு கட்டிப்போட்டுட்டுப் போன கடுப்புல, 'எங்க ஊர்ல சொல்ற மாதிரி பஸ்ஸைக் கொண்டு வந்து கோல் முன்னாடி நிறுத்திட்டாங்க'ன்னாரு. சொன்ன வாயி, கடைசில அவரு பேர்லயே ஒட்டிக்கிச்சு.

கே: லாண்டரி கூடைக்குள்ள ஒளிஞ்சாராமே? (பேர் வேண்டாம், திருச்சி)

ப: ஒளிஞ்சாரு. 2005 ஏப்ரல், பேயர்ன் மியூனிக் மேட்ச், யுஇஎஃப்ஏ தடை இருந்ததால டிரஸ்ஸிங் ரூம் பக்கமே போகக்கூடாது. மனுஷன் மதியமே யாருக்கும் தெரியாம உள்ள போய் உக்காந்துட்டாரு. திரும்பி வெளிய வர, அழுக்கு ஜெர்சி போடுற பெரிய கூடைல படுத்து, மேல மூடி, தள்ளிக்கிட்டு வந்தாங்க. மூச்சு முட்டிச்சுன்னு ரொம்ப வருஷம் கழிச்சு அவரே சிரிச்சுக்கிட்டு ஒத்துக்கிட்டாரு.

இதுவரைக்கும் சிரிக்கலாம். 2011-ல பார்சிலோனா அசிஸ்டெண்ட் டிட்டோ விலனோவா கண்ணுல விரலை விட்டதுக்கு சிரிக்க முடியல. 2015-ல செல்சி டாக்டர் ஏவா கார்னேரோ விஷயத்துலயும் நான் அவர் பக்கம் இல்ல. ரெஃபரி கூப்பிட்டதால கிரவுண்டுக்குள்ள அடிபட்ட பிளேயரைப் பாக்க ஓடினாங்க, அது டாக்டரோட கடமை, அதுக்குப் போய் எல்லாரும் பாக்கத் திட்டி, அவங்க வேலையையே விட்டாங்க. கடைசில கிளப்பு மன்னிப்புக் கேட்டு செட்டில் பண்ணிச்சு. நல்லா கவனிக்கிற கண்ணுன்னு அவரைப் புகழ்ற நானே சொல்றேன், அன்னிக்கு அந்தக் கண்ணு வேலை செய்யல.

கே: அவரோட பெஸ்ட் மேட்ச் எது? ஒண்ணே ஒண்ணுதான் சொல்லணும். (மதுரை)

ப: பார்சிலோனா - இன்டர் மிலன், 2010 ஏப்ரல் 28, சாம்பியன்ஸ் லீக் செமிஃபைனல் ரெண்டாவது லெக் (ரெண்டு டீமோட ஊர்லயும் ஒவ்வொரு மேட்ச், கோலைக் கூட்டிப் பாக்கணும்). அப்ப அவரு இன்டர் கோச். நம்ம டைம் நடுராத்திரி 12.15, வீட்டுல எல்லாரும் தூங்குறாங்க, டிவி சவுண்டை மியூட்ல போட்டு பாத்தேன், அதனால எனக்கு அந்த மேட்ச் இன்னிக்கும் ஊமைப் படமாத்தான் ஞாபகம் இருக்கு.

முன்கதை சொல்லிடுறேன். ஐஸ்லாந்துல எரிமலை வெடிச்சு சாம்பல் வானத்துல பரவி ஐரோப்பா முழுக்க ஃப்ளைட் ஓடல, அதனால முதல் லெக்குக்கு பார்சிலோனா மிலனுக்கு பஸ்லயே வந்து சேந்தாங்க. பெட்ரோ முதல்ல கோல் போட்டாலும் அப்புறம் ஸ்னைடர், மைகோன், மிலிட்டோன்னு மூணு திரும்பி வந்துச்சு, 3-1. ரெண்டாவது லெக்குல பார்சிலோனா 2-0ன்னு ஜெயிச்சா போதும் (கூட்டுக் கணக்கு சமமானா வெளியூர்ல கோல் ஜாஸ்தி போட்ட டீம் மேல போகும், அந்தக் காலத்து ரூல்), அவங்க ஸ்டேடியம் கேம்ப் நூல ரெண்டு கோலுங்கிறது அப்ப அவங்களுக்கு டீ குடிக்கிற மாதிரி. மெஸ்ஸி, சாவி, இப்ராஹிமோவிச், வெளிய நிக்கிறது குவார்டியோலா. 28-வது நிமிஷமே இன்டரோட தியாகோ மோட்டாவுக்கு ரெட் கார்டு. மிச்சம் ஒரு மணி நேரத்துக்கு மேல பத்துப் பேரு.

அதுக்கு அப்புறம் நடந்ததை டிஃபென்ஸுன்னு சொல்ல மனசு வரல. சாமுவேல் எட்டோ, முந்தின வருஷம் இதே பார்சிலோனாவுக்கு ஆடி ஃபைனல்ல கோல் போட்ட ஸ்ட்ரைக்கர், லெஃப்ட் பேக் மாதிரி ஓரத்துல இறங்கி நின்னு ஓடுறாரு. அவ்வளவு பெரிய ஸ்ட்ரைக்கரை அந்த வேலைக்கு ஒத்துக்க வச்சது யாரு, என்ன சொல்லி ஒத்துக்க வச்சாருங்கிறதுதான் எனக்கு மேட்சை விடப் பெரிய ஆச்சரியம். 84-வது நிமிஷம் பிக்கே ஒரு கோல் போட்டாரு, இன்னொண்ணு வரல, மொத்தக் கணக்கு 3-2. விசில் அடிச்சதும் மொரின்யோ ஒத்தை விரலை மேல தூக்கிக்கிட்டு கிரவுண்டுக்குள்ள ஓடுறாரு, பார்சிலோனா கோல்கீப்பர் வால்டேஸ் வந்து தடுக்கிறாரு, அடுத்த நிமிஷம் புல்லுக்குத் தண்ணி அடிக்கிற ஸ்பிரிங்க்ளரைத் திறந்து விட்டுட்டாங்க. 'டிரான்ஸ்லேட்டர் பையன்'னு சிரிச்ச அதே ஊரு. நனைஞ்சுக்கிட்டே கொண்டாடினாங்க.

அந்த சீசன் இன்டருக்கு மூணு கோப்பை. கோப்பா இத்தாலியா ஃபைனல்ல 1-0, கோல் மிலிட்டோ. லீக்கை முடிச்ச சியெனா மேட்ச் 1-0, கோல் மிலிட்டோ. மே 22 சாம்பியன்ஸ் லீக் ஃபைனல்ல பேயர்னை 2-0, ரெண்டுமே மிலிட்டோ. எதிர்ல பேயர்ன் கோச் யாரு? பார்சிலோனால இவரை வீட்டுக்கு அனுப்பாம வச்சுக்கிட்ட வான் ஹால். இன்டருக்கு அந்தக் கோப்பை 45 வருஷம் கழிச்சு வந்தது. அன்னிக்கு ராத்திரி டீம் பஸ்ல ஏறல இவரு, ரியல் மாட்ரிட் போறதா முடிவாகிடுச்சு, ஸ்டேடியத்துக்கு வெளிய சுவத்துல சாஞ்சு நின்ன இன்டர் டிஃபெண்டர் மட்டரெட்ஸியைக் கார்லேருந்து இறங்கி வந்து கட்டிப் பிடிச்சு, ரெண்டு பேரும் கொழந்த மாதிரி அழுதாங்க. எதிராளியைத் தலையால முட்ட வச்ச முரட்டு மட்டரெட்ஸியே அழுறாருன்னா பாத்துக்கோங்க.

கே: சொந்த கிரவுண்டுல 9 வருஷம் தோக்கலன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு. கப்ஸாவா? (வேலூர்)

ப: அதிசயமா வாட்ஸ்அப்ல வந்தும் உண்மை, லீக் மேட்சுக்கு மட்டும். 2002 பிப்ரவரில போர்ட்டோ, பெய்ரா-மார்கிட்ட தோத்ததுக்கு அப்புறம் போர்ட்டோல 38, செல்சில 60, இன்டர்ல 38, ரியல்ல 14, கூட்டினா 150 மேட்ச். நாலு நாடு, நாலு டீம். 2011 ஏப்ரல் 2 அன்னிக்கு ஸ்போர்ட்டிங் கிஹோன் வந்து 1-0ன்னு உடைச்சாங்க. அந்த டீம் கோச் மனோலோ பிரெசியாடோகூட சில மாசம் முன்னாடி பயங்கர வாய்ச்சண்டை போட்டிருந்தாரு, தோத்த அன்னிக்கு அவங்க டிரஸ்ஸிங் ரூமுக்கே போய் கை குடுத்துட்டு வந்தாரு. இந்த மாதிரி விஷயத்தை யாரும் ஃபார்வர்டு பண்ண மாட்டேங்கிறீங்க.

கே: மூணாவது சீசன் வந்தா அவருக்கு ஏழரைச் சனியா சார்? (கும்பகோணம், ஜோசியர் இல்லை என்று குறிப்பிட்டுள்ளார்)

ப: கணக்கைப் பாத்தா அப்படித்தான் தெரியுது. ரியல் மாட்ரிட்ல ரெண்டாவது சீசன் 100 பாயிண்ட், 121 கோல் (பஸ் டிரைவர்னு திட்டினவங்க இந்த 121-ஐ ரெண்டு தடவை படிக்கவும்), மூணாவது சீசன் கேப்டனும் கோல்கீப்பருமான காஸியாஸை பெஞ்ச்ல உக்கார வச்சு, பாதி டிரஸ்ஸிங் ரூமோட பேச்சுவார்த்தை இல்லாம கெளம்பினாரு. செல்சிக்குத் திரும்ப வந்து 2015-ல லீக் அடிச்சு, அதே வருஷம் டிசம்பர்ல டீம் 16-வது எடத்துல, தூக்கிட்டாங்க. மான்செஸ்டர் யுனைடெட்ல முதல் சீசன் யூரோப்பா லீக் (பழைய யுஇஎஃப்ஏ கப்தான்), ரெண்டாவதுல லீக்ல ரெண்டாம் எடம், மூணாவது சீசன் டிசம்பர்ல அவுட். ரோமாலயும் மூணாவது சீசன், ஜனவரி. எந்த டீம்லயும் நாலாவது சீசனை முழுசா முடிச்சதில்ல, முதல் தடவை செல்சில நாலாவதைத் தொட்டாரு, செப்டம்பர்லயே முடிஞ்சுது.

சனியெல்லாம் இல்லங்க. அவரோட மருந்து ஒண்ணே ஒண்ணு: 'ஊரே நமக்கு எதிரி, ரெஃபரி எதிரி, பத்திரிகை எதிரி, நமக்கு நாமதான்'. இது பசியோட இருக்குறவனுக்குக் குடுத்தா சாமி வந்த மாதிரி ஆடுவான். போர்ட்டோ பசங்க, முப்பது தாண்டியும் சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தொடாத ஸனெட்டி, மிலிட்டோ, இவங்களுக்கெல்லாம் வேலை செஞ்சுது. ஏற்கனவே உலகக் கோப்பை அடிச்சு வீட்டுல வச்சிருக்குற காஸியாஸ்கிட்ட, செர்ஹியோ ராமோஸ்கிட்ட போய் 'ஊரே உனக்கு எதிரி'ன்னு சொன்னா அவங்க திரும்பிப் பாத்து 'எனக்கா?'ன்னுதான் கேப்பாங்க. அதோட எந்த வீட்டுலயும் மூணு வருஷம் தொடர்ந்து சண்டை மூடுலயே இருக்க முடியாது, ஒரு நாள் அந்தச் சண்டை வீட்டுக்குள்ளயே திரும்பும்.

ஆட்டமும் மாறிடுச்சு. பந்து போன அடுத்த செகண்டே மேல பாஞ்சு பிடுங்குற ஸ்டைலை குவார்டியோலா, கிளாப் மாதிரி கோச்சுங்க கொண்டு வந்துட்டாங்க, இவரு எதிராளி தப்பு பண்ற வரைக்கும் காத்திருக்குற ஆளு. எதிர் டீமைப் படிச்சு ரிப்போர்ட் எழுதுறதுல ஒரு காலத்துல இவருக்கு ஈடே கெடையாது, இன்னிக்கு அந்த வேலைக்கு ஒவ்வொரு கிளப்லயும் கம்ப்யூட்டரோட ஒரு ரூம் நிறைய ஆளு இருக்கு.

கே: ரோமால ஒரு சின்ன கோப்பைக்கு ஏன் அப்படி அழுதாரு? (புதுச்சேரி)

ப: சின்னக் கோப்பைதான். 2022 மே 25, அல்பேனியால டிரானா, கான்ஃபரன்ஸ் லீக் ஃபைனல், ஃபெயனூர்டை 1-0. ஆனா யுஇஎஃப்ஏ நடத்துற கோப்பைல ரோமா ஜெயிச்ச முதல் கோப்பையே அதான். அந்த ஊர்க்காரங்களுக்கு அது சின்னதா? இவருக்கும் அதோட சாம்பியன்ஸ் லீக், யூரோப்பா லீக், கான்ஃபரன்ஸ் லீக்னு மூணு ஐரோப்பியக் கோப்பையும் செட் ஆச்சு, அதுவரைக்கும் எந்தக் கோச்சுக்கும் ஆகாதது, மூணையும் கைல பச்சை குத்திக்கிட்டாரு. சூப்பர் கப்பை விட்டுட்டுப் பாத்தா அஞ்சு ஐரோப்பிய ஃபைனல், அஞ்சும் ஜெயம். ஆறாவது அடுத்த வருஷம் புடாபெஸ்ட்ல செவில்லாகிட்ட பெனால்டில போச்சு. தோத்த மெடலை கூட்டத்துல ஒரு ரசிகர்கிட்ட தூக்கிப் போட்டாரு, அப்புறம் பார்க்கிங்ல ரெஃபரியைத் திட்டி நாலு மேட்ச் தடை. அவரை யாரும் மாத்த முடியாது.

கே: போர்ச்சுகல் இத்தனூண்டு நாடு, எங்க பாத்தாலும் அவங்க கோச்சா இருக்காங்களே? (திருப்பூர்)

ப: ஒரு கோடிக்குக் கொஞ்சம் மேல ஜனம், அவ்வளவுதான். எலக்ட்ரிகல் இன்ஜினியரான ஃபெர்னாண்டோ சாண்டோஸ் 2016-ல யூரோ கப் வாங்கிக் குடுத்தாரு. ஜோர்ஜ் ஜீசஸ், ஏபெல் ஃபெரெய்ரா பிரேசிலுக்கே போய் தென் அமெரிக்கக் கிளப்புகளோட பெரிய கோப்பையான லிபெர்டடோரெஸ் அடிச்சாங்க. எனக்குப் பிடிச்ச கதை ஆந்த்ரே வில்லாஸ்-போவாஸ். டீன் ஏஜ்ல போர்ட்டோல ராப்சன் குடியிருந்த அதே பில்டிங்ல இவரும், எங்க ஸ்ட்ரைக்கரை ஏன் உக்கார வச்சீங்கன்னு லெட்டர் எழுதிப் போட்டாரு, ராப்சன் கோவப்படாம கூப்பிட்டு வேலை குடுத்தாரு. அப்புறம் மொரின்யோகிட்ட எதிர் டீம் ரிப்போர்ட் எழுதுறவரா இருந்து, 33 வயசுல யூரோப்பா லீக் ஜெயிச்சு, இப்ப போர்ட்டோ கிளப்புக்கே பிரசிடெண்ட். ரிப்போர்ட் எழுதுற பசங்களை மதிக்கிற ஊரு சார் அது.

கே: பென்ஃபிகா கடைசில வரும்னு சொன்னீங்க. (இது நானே எனக்குப் போட்ட கேள்வி)

ப: 2025 ஆகஸ்ட்ல துருக்கில ஃபெனர்பாசே கோச்சா இருந்தாரு. சாம்பியன்ஸ் லீக் பிளே-ஆஃப்ல எதிர்ல வந்தது பென்ஃபிகா. முதல் லெக் 0-0, ரெண்டாவது லிஸ்பன்ல 1-0, ஃபெனர்பாசே வெளிய. ரெண்டே நாள்ல இவரைத் தூக்கிட்டாங்க. மூணு வாரத்துல பென்ஃபிகாவும் தன் கோச்சைத் தூக்கிட்டு, செப்டம்பர் 18 அன்னிக்கு இவரையே கூட்டிட்டு வந்துட்டாங்க. யாரால வேலை போச்சோ அவங்ககிட்டயே வேலை, அதுவும் 25 வருஷம் முன்னாடி கோச்சுக்கிட்டுப் போன அதே வீடு.

கே: அவரை நேர்ல பாத்தா என்ன கேப்பீங்க? (நாகர்கோவில் வாசகி, ரெண்டாவது கேள்வி, பரவால்ல அனுமதிக்கிறேன்)

ப: கோப்பை பத்தி எதுவும் கேக்க மாட்டேன்மா. அவங்க அப்பா 2017-ல தவறிட்டாரு. சின்ன வயசுல அப்பாவுக்கு எழுதிக் குடுத்த ரிப்போர்ட்ல, இவரு எழுதினதை அப்பா நம்பாம டீமை வேற மாதிரி இறக்கின மேட்ச் ஏதாவது இருக்கான்னு கேப்பேன். இருந்தா, அன்னிக்கு ஜெயிச்சது யாருன்னும்.